மேஸ்திரி கையிலிருந்து மேலாண்மைக் கல்லூரி வரை

மனிதவள மேலாண்மை என்னும் கல்வித் துறை இன்று நம் இளைஞரிடையே பெருவழக்காகப் பயிலப்படுகின்றது. பெங்களூரில் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களில் இத்துறையில் பட்டம் பெற்ற பிள்ளை ஒருவரேனும் உறவுமுறையில் இல்லாத வீடு அரிது. அப்பிள்ளைகளின் பாடநூல்களைப் புரட்டிப் பார்த்தால் டெய்லர், மேயோ, டிரக்கர் முதலிய பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அறிஞர் கண்ட கோட்பாடுகள் கப்பலேறி இந்நாட்டுக்கு வந்து சேர்ந்தன என்பதே அந்நூல்கள் தரும் வரலாறு. அது பொய்யன்று, ஆனால் பாதி வரலாறே. மறுபாதி சென்னைப் பெரம்பூரிலும், கோலார்ச் சுரங்கங்களிலும், பெங்களூரின் ஆலை வாயில்களிலும் நிகழ்ந்தது. அதை நிகழ்த்தியோருள் பெரும்பாலோர் தமிழர்; பலர் எழுத்தறியாதவர். ஒவ்வொரு கோட்பாட்டின் பின்னும் ஒரு வழக்கு உண்டு. அவ்வழக்கைத் தொடுத்தவன் தொழிலாளி. இதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஸ்ரீராம்புரத்தில் வாழும் நமக்கு இவ்வரலாறு நெடுந்தொலைவில் இல்லை. 1884-இல் தோன்றிப் பின்னர் பின்னி நிறுவனத்தாரின் ஆட்சிக்குள் வந்த பெங்களூர்க் கம்பளி, பருத்தி, பட்டு ஆலை ஒருபுறம். மல்லேசுவரத்தின் ஓரத்தில் ராஜா மில் என்று மக்கள் வழங்கிய மைசூர் நூற்பாலை மற்றொருபுறம். மாகடி சாலைப் பக்கம் மினர்வா மில். இவற்றின் சங்கொலிக்கு நடுவே தொழிலாளர் குடியிருப்பாக வளர்ந்ததே நம் பகுதி. வடார்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து புறப்பட்டுவந்த குடும்பங்களுக்குக் கடிகாரம் வேண்டியிருக்கவில்லை. ஆலைச் சங்கே பொழுதை அறிவித்தது.

ஊரிலிருந்து வந்தவனுக்கு வேலை கொடுத்தது யார்? ஆலை முதலாளி அல்லர், மேலாளரும் அல்லர். வெள்ளைக்கார மேலாளருக்குத் தம்மிடம் வேலை செய்வோரின் மொழியே தெரியாது. அவருக்கும் ஆட்களுக்கும் இடையே நின்றவன் மேஸ்திரி. போர்த்துகீசியத்தில் ஆசானைக் குறிக்கும் 'மெஸ்த்ரே' என்ற சொல்லே தமிழில் மேஸ்திரி ஆயிற்று என்பர். ஆசான் என்ற அப்பொருளுக்கு அவன் முற்றிலும் புறம்பானவனும் அல்லன். புதிதாய் வந்தவனுக்குத் தறியைக் காட்டிக் கொடுத்தவனும் அவனே. ஊரிலிருந்து ஆள் அழைத்து வந்தவனும் அவனே. வேலைக்கு எடுத்தவனும், விடுப்புக் கொடுத்தவனும், அபராதம் போட்டவனும், நிறுத்தியவனும் அவனே. இன்று ஒரு பெருநிறுவனத்தில் ஆளெடுப்பு, பயிற்சி, ஊதியம், ஒழுங்கு நடவடிக்கை என்று நான்கு அறைகளில் நால்வர் அமர்ந்து செய்யும் பணிகள் அனைத்தும் அன்று ஒருவன் தலைப்பாகைக்குள் அடங்கியிருந்தன.

அதற்கு அவன் கூலி வாங்கினான். முதலாளியிடம் மட்டுமன்று, தொழிலாளியிடமும் வாங்கினான். வேலையில் சேர ஒரு தொகை, வேலையில் நீடிக்க ஒரு தொகை, நோயுற்றுச் சில நாள் நின்று திரும்பினால் மறுபடியும் ஒரு தொகை. பணம் இல்லாதவன் கடன்பட்டான். கடன் கொடுத்தவனும் பெரும்பாலும் அதே மேஸ்திரிதான். ஆயினும் அவனை வெறும் கொடியவனாகச் சித்திரித்து விடுதல் எளிது. வரலாற்றுக்கு அது போதாது. அறியாத ஊரில் வந்து இறங்கிய ஒருவனுக்கு அன்று உறவு, சாட்சி, பிணை எல்லாமாக நின்றவனும் அவன் ஒருவனே. இல்லையேல் அம்முறை அத்தனை காலம் நிலைத்திராது.

தமிழர் குடியேறிய இடமெங்கும் இம்முறை அவர்களோடு சென்றது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும் மலாயாவின் ரப்பர்க் காடுகளிலும் அவன் பெயர் கங்காணி. வேலைக்கு வந்த ஆள் ஒன்றுக்கு இத்தனை என்று தோட்டத்தாரிடம் அவன் பெற்றான். இலங்கையில் தொழிலாளியின் கடனை எழுதிய 'துண்டு' என்னும் சீட்டு ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குக் கைமாறிற்று; கடனைத் தீர்ப்பவர் ஆளைக் கொண்டு போகலாம். 1921-இல்தான் அத்துண்டுமுறை சட்டத்தால் ஒழிந்தது. 'இடமாற்றம்' என்று பணியாளர் நூல்கள் இன்று இயல்பாக எழுதும் சொல்லுக்கு நம்மவர் வாழ்வில் இப்படியும் ஒரு பழம்பொருள் உண்டு.

பெரம்பூரில் எழுந்த கேள்வி

சென்னைப் பெரம்பூரின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளும் பின்னி நிறுவனத்தாருடையவையே. நம் பெங்களூர் ஆலைக்கும் அவற்றுக்கும் தலைமை ஒன்று. 1911-ஆம் ஆண்டின் ஆலைச் சட்டம் துணியாலைகளில் ஆண் தொழிலாளி நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிநேரம் வேலை செய்ய இடம் தந்தது. இத்தகைய நாளின் நடுவே உணவுக்கு விட்ட இடைவேளை அரைமணி. அதற்குள் நெரிசலில் கை கழுவி, உண்டு, மீண்டும் தறிமுன் நிற்க வேண்டும். ஆலைக்கு அருகே வணிகம் செய்த செல்வபதி செட்டியாரும் அவர் நண்பர் இராமாநுஜலு நாயுடுவும் நடத்திவந்த சமயச் சொற்பொழிவுச் சபைக்கு வந்த தொழிலாளர், சொற்பொழிவு முடிந்தபின் அவர்களிடம் சொல்லி வருந்தியவற்றுள் முதன்மையானது இந்த அரைமணியே.

கூலி உயர்வன்றிச் சோற்று வேளையே முதலில் வாதுக்கு வந்தது என்பதை நம் பிள்ளைகள் ஊன்றி நோக்க வேண்டும். பாடநூலில் 'பணிச்சூழல்' என்று ஓர் இயல் வரும். அவ்வியலைத் தமிழகத்தில் தொடங்கி வைத்தது பசிதான்.

1918 ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. அன்னி பெசன்ட் அம்மையாரோடு பணியாற்றிய பி.பி. வாடியா தலைவர். திரு.வி.க. உடன் நின்றார், தமிழ்ப் புலமையும் தொழிலாளர் தொண்டும் ஒருவரிடத்தே கூடியதை நாம் கண்டது அவரிடத்தில்தான். முறையாக அமைந்த இந்தியத் தொழிற்சங்கங்களுள் இதனையே முதலாவதாக வரலாற்றாசிரியர் பலர் கொள்வர். அதே ஆண்டில்தான் ஆமதாபாத்தில் ஆலைத் தொழிலாளர்க்காகக் காந்தியடிகள் உண்ணாநோன்பு இருந்தார்.

பின்வந்தவை கசப்பானவை. கதவடைப்பு நிகழ்ந்தது, 1920 டிசம்பரில் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். ஆலையார் வாடியா முதலியோர்மீது வழக்குத் தொடுத்தனர்; சென்னை உயர்நீதிமன்றம் தடையாணை பிறப்பித்தது. தொழிலாளர் சார்பில் பேசுவதே ஒப்பந்தத்தை முறிக்கத் தூண்டிய குற்றமாகலாம் என்னும் நிலை அதனால் ஏற்பட்டது. அந்நிலையை மாற்ற என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் முயன்றதன் விளைவே 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம். 1921-இல் பல மாதங்கள் நீடித்த வேலைநிறுத்தமோ தோல்வியுற்றது. ஆதிதிராவிடத் தொழிலாளர் பெரும்பாலோர் வேலைக்குச் சென்றனர். இரு சாராரிடையே மூண்ட பகை புளியந்தோப்பில் வீடுகளுக்குத் தீ வைக்கும் அளவு முற்றியது. தம் அன்றாட இழிவைத் தன் கோரிக்கைகளுள் ஒன்றாகக் கருதாத ஒரு சங்கத்தை அவர்கள் முழுதும் நம்பாமல் போனதில் வியப்பென்ன? ஆலைக்குள் சாதி நுழையாது என்று அன்று எண்ணியவர்கள் இருந்தனர். அது மேஸ்திரியோடு முதல் நாளே நுழைந்துவிட்டது. ஏனெனில் அவன் ஆளெடுத்தது தன் ஊரிலும் தன் தெருவிலுமே.

வென்ற ஆலை நிருவாகம் வெற்றியோடு நின்றுவிடவில்லை. 1922-இல் அவ்வாலைகளில் தொழிலாளர் பிரதிநிதிகள் அமர்ந்த நலக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. சங்கத்துக்கு மாற்றாக அதை அமைத்தனர் என்று குறை கூறுவோர் உளர். அக்குறையில் உண்மையும் உண்டு. ஆனால் மேஸ்திரியைக் கடந்து தொழிலாளியின் சொல் நேரே மேலாளர் காதில் விழ வேண்டும் என்ற எண்ணத்துக்கு ஆலையாரே வந்து சேர்ந்தனர் அன்றோ? அவ்வெண்ணத்தின் விலை மேலே சொன்ன நான்கு ஆண்டுகள்.

கோலாரில் விரல்ரேகை

மைசூர் மன்னராட்சிக்குள் இருந்த கோலார் தங்க வயலில் நடந்தது வேறு வகை. 1880 முதல் ஜான் டெய்லர் குழுமத்தார் தோண்டிய அச்சுரங்கங்களில் இறங்கியோருள் மிகுதியானவர் தமிழகத்து ஆதிதிராவிடர். அங்கும் ஒப்பந்தக்காரர் வழியே ஆளெடுப்பு. 1930-இல் சுரங்கத்தார் தொழிலாளர் அனைவரையும் பதிவு செய்து விரல்ரேகை எடுக்க முற்பட்டனர். முறையான சங்கம் ஏதுமற்ற அம்மக்கள் ஒருமித்துச் சுரங்கத்தில் இறங்க மறுத்தனர். ஏறத்தாழ மூன்று வாரம் வேலை நின்றது.

பணியாளர் பதிவேடு என்பது ஒரு நிருவாகத்தின் அடிப்படை என்று இன்று பயிற்றுவிக்கின்றோம். பதிவு நல்லதே, பதிவு இல்லாதவன்தான் மேஸ்திரியின் வாய்மொழிக்கு அடிமையாகின்றான். எனினும் அந்நாளில் விரல்ரேகை என்றால் குற்றவாளியிடம் எடுப்பது என்றே மக்கள் அறிந்திருந்தனர். அவர்கள் எதிர்த்தது ஏட்டையன்று, தம்மைக் கள்வராய் எண்ணும் கண்ணை. என்னைப் போன்ற மத்திய அரசு எழுத்தர்கள் 2014-க்குப் பின் காலைதோறும் கருவியில் விரல் பதித்துவிட்டுத்தான் நாற்காலியில் அமர்கின்றோம். தங்க வயல் முதியவர் எவரேனும் இதைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! நாம் ஒரு முணுமுணுப்போடு நிறுத்திக்கொண்டோம்.

விட்லி குழுவின் தீர்ப்பு

இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய 1929-இல் ஓர் அரச ஆணைக்குழு அமர்ந்தது. தலைவர் ஜே.எச். விட்லி. உறுப்பினருள் என்.எம். ஜோஷியும், நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியாரும் இருந்தனர். 1931-இல் வெளியான அதன் அறிக்கை மேஸ்திரி முறையை நேராகவே தாக்கியது. ஆளெடுக்கவும் நீக்கவும் இடைத்தரகனுக்கு உள்ள அதிகாரம் பறிக்கப்பட வேண்டும். ஆலைதோறும் தொழிலாளர் அலுவலர் ஒருவர் வேண்டும். அவர் மேலாளருக்கு மட்டுமே கட்டுப்பட்டவராய், தொழிலாளர் மொழி அறிந்தவராய் இருத்தல் வேண்டும். அவர் வழியாகவே ஆள் சேர வேண்டும், அவர் அறியாமல் எவரும் நீக்கப்படலாகாது என்று அது பரிந்துரைத்தது. இந்தியாவில் பணியாளர் அலுவலர் என்னும் பதவிக்கு வித்து இதுவே. மேலாண்மை அறிஞரின் மேசையில் பிறந்ததன்று. மேஸ்திரியிடம் கையூட்டுக் கொடுத்து நொந்தோரின் நிலையை ஆய்ந்து பிறந்தது.

அதே விட்லியின் பெயரால் இங்கிலாந்தில் அமைந்த கூட்டுக் குழுக்களைப் பின்பற்றியே 1966-இல் நம் மத்திய அரசு ஊழியர்க்கான கூட்டு ஆலோசனை அமைப்பு தோன்றிற்று. 1960 சூலையில் நாடளாவிய ஊழியர் வேலைநிறுத்தம் நடந்த பின்னரே அது வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் அகவிலைப்படியைப் பற்றி எங்கோ ஒரு மேசையில் இரு தரப்பார் எதிரெதிரே அமர்ந்து பேசுகின்றார்கள் என்றால், அம்மேசையின் ஒரு கால் பெரம்பூர் நடந்த காலத்தைச் சார்ந்தது.

மைசூரில் 1926-ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாது. அது பிரிட்டிஷ் இந்தியாவுக்கு உரியது. ஆகவே பெங்களூர் ஆலைத் தொழிலாளர் சங்கம் வைத்துக்கொள்ளச் சட்டப் பாதுகாப்பு 1941-ஆம் ஆண்டின் மைசூர்த் தொழிலாளர் அவசரச் சட்டம், அடுத்த ஆண்டின் சட்டம் ஆகியவற்றால்தான் கிட்டிற்று. நம் முன்னோர் சென்னையிலிருந்த தம் உறவினரைவிடப் பதினைந்து ஆண்டு பிந்தியே அவ்வுரிமையைப் பெற்றனர். முதலாளி ஒருவரே, ஆனால் எல்லைக்கோட்டுக்கு இப்பால் சட்டம் வேறு.

விடுதலைக்குப் பின் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வந்தது. நாளுக்கு ஒன்பது மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி என வேலை நேரம் குறைந்தது. ஐந்து மணிநேர வேலைக்குள் அரைமணியேனும் ஓய்வு கட்டாயம் ஆயிற்று. 250 பேருக்கு மேற்பட்ட இடத்தில் உணவகம். 500 பேரும் அதற்கு மேலும் உள்ள தொழிற்சாலையில் நல அலுவலர். அந்த நல அலுவலர்க்குரிய கல்வித் தகுதியை மாநில விதிகள் வகுத்தன. தகுதி என்று சட்டம் கேட்டவுடன் அதைக் கற்பிக்கக் கல்லூரிகள் வேண்டியவாயின. 1936-இலேயே பம்பாயில் டாட்டா அறக்கட்டளையார் சமூகப்பணிப் பள்ளி தொடங்கியிருந்தனர். 1949-இல் ஜாம்ஷெட்பூரில் சேசு சபையார் நிறுவிய சேவியர் கல்லூரியும், 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் முயற்சியால் சென்னைச் சமூகப்பணிப் பள்ளியும் தோன்றின. இத்துறை இந்நாட்டில் வணிகக் கல்வியின் கிளையாக அன்றிச் சமூகத் தொண்டின் கிளையாகவே தொடங்கியது என்பது இன்று பலருக்கு வியப்பாக இருக்கலாம்.

மேலைநாட்டிலும் தொடக்கம் அதுதான். யார்க் நகரத்து ரவுண்ட்ரி மிட்டாய்த் தொழிற்சாலையில் 1896-இல் பெண் தொழிலாளர் நலம் காண மேரி உட் என்னும் பெண்மணி அமர்த்தப்பட்டார். 1901-இல் அமெரிக்காவின் தேசிய ரொக்கப்பதிவுக் கருவி நிறுவனத்தில் நிகழ்ந்த பெரும் பூசலுக்குப் பின்னரே அங்கே பணியாளர் துறை எழுந்தது. டெய்லரின் நூல் 1911-இல் வந்தது. ஹாதோர்ன் ஆய்வுகள் 1924-இல் தொடங்கின. பூசல் முந்தியது, நூல் பிந்தியது.

மலர்க் கட்டுரை எழுதுவோர் இவ்விடத்தில் திருக்குறளின் தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் ஆகிய அதிகாரங்களையும் உத்திரமேரூர்க் கல்வெட்டையும் எடுத்துக்காட்டி, எல்லாம் நம்மிடம் இருந்தது என்று முடிப்பது வழக்கம். முதற் பராந்தகன் காலத்து அக்கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) வியத்தற்குரியனவே. வாரிய உறுப்பினர்க்கு வயது வரம்பு, மூன்றாண்டு இடைவெளி, கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவினர்க்கும் தடை ஆகியவை இன்றைய அலுவலகங்களுக்கும் வேண்டும். ஆயினும் சொந்த நிலம் உடையவர்க்கே அக்குடத்தில் ஓலை இடம்பெற்றது. வள்ளுவரும் அவ்வதிகாரங்களில் பேசுவது அரசனிடம். ஆளைத் தேர்வோன் பக்கம் நின்று. தேரப்பட்டவன் பக்கத்து நியாயத்தை அங்கே தேடுதல் நூலுக்குச் செய்யும் நேர்மை ஆகாது. அப்பக்கத்தை எழுதியவர் மிகப் பிற்காலத்தவர், ஆலைக்காரர்.

பெயர் மாற்றங்களும் கருதத்தக்கவை. தொழிலாளர் அலுவலர் நல அலுவலர் ஆனார். பின் பணியாளர் அலுவலர். 1975-இல் லார்சன் டூப்ரோ நிறுவனத்தில் உதய் பரீக், டி.வி. ராவ் ஆகியோர் வகுத்த திட்டத்தோடு மனிதவள மேம்பாடு என்ற பெயர் இந்நாட்டில் நிலைபெறலாயிற்று. மனிதனை நிலக்கரியோடும் இரும்போடும் ஒப்ப எண்ணும் பெயர் என்று இதனைப் பழிப்பவர் உண்டு. ஆங்கிலச் சொல்லுக்கு அப்பழி பொருந்தலாம். தமிழில் 'வளம்' என்பது நீர்வளம், நிலவளம் போல் பேணினால் நிலைப்பதும் பேணாக்கால் வற்றுவதுமாகிய ஒன்று. மொழிபெயர்ப்பு மூலத்தினும் நன்றாய் அமைந்த சில இடங்களுள் இதுவும் ஒன்றெனத் தோன்றுகின்றது.

பெயர் மாறிய அக்காலத்தில்தான் பெங்களூரின் பொதுத்துறை நிறுவனங்களில் 1980 டிசம்பர் முதல் 1981 மார்ச்சு வரை 77 நாள் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, தொலைபேசித் தொழிற்சாலை, பாரத் மின்னணு நிறுவனம், கடிகாரத் தொழிற்சாலை ஆகியவற்றில் நம் வீட்டார் பலர் இருந்தனர். வீடு, பள்ளி, மருத்துவமனை, உணவகம் என நலத்திட்டங்கள் நிறைந்த நிறுவனங்கள் அவை. நலம் நிறைந்த இடத்திலும், ஊதியம் குறித்துத் தந்த வாக்கு காக்கப்படவில்லை என்ற எண்ணம் வந்துவிட்டால் ஆலை நிற்கும் என்பதை அந்த 77 நாள் காட்டின.

இன்று ராஜா மில் நின்ற இடத்தில் வணிக வளாகம். பின்னி ஆலை நிலத்தில் அடுக்குமாடிகள். 1974-இல் நாட்டுடைமை ஆன மினர்வா மில், 1980-இல் உச்சநீதிமன்றம் வழங்கிய அரசியலமைப்புத் தீர்ப்பொன்றின் பெயராகவே சட்ட மாணவர்க்குத் தெரியும். 2014 முதல் ஸ்ரீராம்புரத்தில் மெட்ரோ இரயில் நிற்கின்றது. அதில் ஏறி அலுவலகம் செல்லும் நம் பெண்கள் சிலர் அங்கே பிறரை வேலைக்குத் தேர்ந்தெடுக்கும் நாற்காலியில் அமர்கின்றனர். மேஸ்திரிக்குத் தொகை கொடுத்து நுழைந்தவனின் பேத்தி!

ஆனால் மேஸ்திரி போய்விட்டானா? 1970-இல் ஒப்பந்தத் தொழிலாளர் முறைக்குச் சட்டம் வந்தும், அதே அலுவலகங்களின் வாயிற்காவலரும் துப்புரவாளரும் ஒப்பந்தக்காரர் வழியே வருகின்றனர். அவர்தம் பெயர் நிறுவனத்தின் பதிவேட்டில் இருப்பதில்லை. நல அலுவலர் வேண்டிய தொழிற்சாலையின் அளவை 2020-ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டம் 500-இலிருந்து 250-ஆகக் குறைத்தது நன்றே. எனினும் தெருவில் உணவுப்பொதி சுமந்து இருசக்கர வண்டியில் விரையும் இளைஞனுக்குத் தொழிற்சாலையே இல்லை. அவனுக்கு வேலை ஒதுக்குவதும், மதிப்பெண் இடுவதும், ஒருநாள் கணக்கை மூடி அவனை நிறுத்துவதும் கைப்பேசிக்குள் இருக்கும் செயலி. பழைய மேஸ்திரியிடம் காலில் விழுந்தாவது கேட்கலாம். இதனிடம் கால் இல்லை. கர்நாடக அரசு 2025-இல் இத்தகைய தொழிலாளர்க்கென இயற்றிய சட்டம், ஒருவரை நீக்குமுன் 14 நாள் முன்னறிவிப்பும் எழுத்தில் காரணமும் தரப்பட வேண்டும் என்கின்றது. காரணம் அறிவிக்காமல் ஆளை நீக்கலாகாது என்னும் கோரிக்கை பின்னி ஆலைத் தெருக்களுக்குப் புதியதன்று.